தன்னையே எடைபோடும் பெட்டி

மீன்காரர் அயிலையைத் தட்டில் வைக்குமுன், லோனப்பன் தம் பையிலிருந்து அரைக்கிலோ எடைக்கல்லை எடுத்து அந்தத் தராசில் வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால்தான், "ம், இனிப் போடு" என்பார். இரிஞ்ஞாலக்குடா வட்டாரத்துத் தராசுகளுக்கு முத்திரை வைக்கிற உத்தியோகம், இருபத்தாறு வருடம். பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் ஒருமுறை சொன்னார்: "முத்திரையையும் நம்பாதடா. குத்தினவனே சொல்றேன்."

அப்பேர்ப்பட்டவர்தான், பிறந்து மூன்றே வருடமான ஒரு ஃபைல் சிஸ்டத்திடம் குடும்பத்தின் அத்தனை படங்களையும் ஒப்படைத்தார். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் வட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. பழையவை கொடுத்ததை வாங்கி வைப்பதோடு சரி. இதுவோ வைத்ததையெல்லாம் அவ்வப்போது தானே சோதித்து, கெட்டிருந்தால் இரண்டாவது வட்டில் உள்ள நகலிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளும். தன்னையே எடைபோடும் சாதனத்தை அவர் அதுவரை கண்டதில்லை. மயங்கிவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை வாசகசாலை மாடியில் கூடும் கணினிப் பிரியர்களிடம் அதன் புகழ் பாடினார். பழைய நகல்களை அழித்தும்விட்டார்.

மனைவி ரோசிலி மட்டும் கேட்டார்: "ரெண்டு வட்டும் ஒரே பெட்டிக்குள்ளதானே இருக்கு?"

"உனக்கு இது புரியாதுடீ."

ஜூன் மழையில் மின்சாரம் போய் வந்த ஒரு காலை, பெட்டி திறக்க மறுத்தது. வட்டுகளுக்கு ஒன்றுமில்லை. தன் கணக்கு தனக்கே ஒத்துவரவில்லை என்று ஃபைல் சிஸ்டம்தான் நின்றுவிட்டது.

மகள் டெஸ்லின் காது கேளாமல் பிறந்தவள். மூன்று வயதில் அறுவை சிகிச்சை முடிந்து காதில் பொருத்திய கருவியை முதன்முதலாக இயக்கிய அன்று, பின்னாலிருந்து அம்மா கூப்பிட, திரும்பிப் பார்த்தாள். நாற்பது நொடிப் படம். அதுவும் உள்ளேதான் இருந்தது.

ரோசிலி சண்டை போடவில்லை. "கல்யாணப் படமெல்லாம் போனாப் போகட்டும். அவ திரும்பிப் பாத்தது மட்டும் எனக்கு வேணும்" என்றார். லோனப்பன் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்த ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களுக்குக் கடிதம் எழுதினார். தெரிந்த கோளாறுதான், எதையும் தொடாதீர்கள், திருத்தம் வருகிறது என்று பணிவாகப் பதில் வந்தது. வேறு இடத்தில் ஒரு நகல் வைத்திருப்பீர்கள்தானே என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை எனக்குக் காட்டினார். மனைவிக்குப் படித்துச் சொல்லவில்லை. அந்த நாள்களில் மீன்கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார்.

பத்தாம் நாள் திருத்தம் வந்தது. ஒரு படம்கூடக் குறையவில்லை. ரோசிலி அந்த நாற்பது நொடியை நான்கு முறை பார்த்துவிட்டு, எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். லோனப்பன் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் உள்ளங்கையளவு வட்டு ஒன்று வாங்கினார். எல்லாவற்றையும் அதில், ஊரே பயன்படுத்தும் பழைய முறையில், நகலெடுத்தார். சாலக்குடியில் தங்கை வீட்டு அலமாரியில் வைக்கப்போவதாகவும், இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

போகிற வழியில் வாசகசாலைக் கூட்டம். பள்ளி ஆசிரியை பீனா எழுந்து, அந்தப் புது முறையை நம்பி வீட்டுப் படங்களை வைக்கலாமா என்று கேட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு வைங்க டீச்சர். எங்கிட்ட இன்னைக்கு வரைக்கும் ஒரு படம் போனதில்ல."

சொல்லி முடிக்கும்வரை, துருத்திக்கொண்டிருந்த சட்டைப் பையை அவர் இடது கை பொத்தியே இருந்தது.