தாடை கழன்ற செய்தி எங்கே ஏறியது?

எலும்பு மாத்திரை போட்ட ஒரு பொம்பளைக்குத் தாடையே கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்துவிட்டதாம். திண்டிவனத்தில் எதிர்வீட்டுப் பொன்னி சொன்னாள். அவளுக்கு விழுப்புரத்து நாத்தனார் சொன்னாளாம். நாத்தனாருக்கு யாரோ.

கேட்ட கையோடு கிருஷ்ணவேணி தன் மாத்திரை அட்டையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள்.

"எலும்பு முறிஞ்சா கட்டிக்கலாம். தாடை போச்சின்னா உங்ககிட்ட எப்படிங்க சண்டை போடறது?"

கணவர் சீனுவாசனுக்குப் பேஜாராகிப் போனது. போன மாதம் ஈர வாசலில் வழுக்கி, கையை ஊன்றியதற்கே அவளுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. உள்ளே எலும்பு சல்லடையாகிவிட்டது, வாரம் ஒரு மாத்திரை போடாவிட்டால் அடுத்து இடுப்புதான் என்று விழுப்புரத்து எலும்பு டாக்டர் எச்சரித்திருந்தார். நாளைக் காலை வெறும் வயிற்றில் முதல் மாத்திரை.

சீனுவாசன் ரிட்டையரான கண்டக்டர். விழுப்புரம் திண்டிவனம் ரூட்டில் அவர் பஸ்ஸில் ஏறாத வதந்தி கிடையாது. எந்தச் செய்தி வந்தாலும் "எங்க ஏறுச்சு?" என்பார். ஏறிய இடம் தெரியாவிட்டால், டிக்கெட் எடுக்காத ஆளைப் போல நடுவழியில் இறக்கிவிடுவார். மூட்டு வலிக்கு எருக்க இலை, முதுகுக்கு நிலா வெளிச்சத்தில் வைத்த தண்ணீர் எல்லாம் குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் கையால் இறக்கிவிடப்பட்டவைதான். அங்கே அவருக்குச் 'செக்கிங்' என்றே பெயர்.

தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டார்.

"பொன்னி, தாடை உழுந்தத நீ பாத்தியா?"

"நான் எங்கண்ணே பாத்தேன்? எங்க நாத்தனா கலைப்பிரியா சொல்லிச்சு. போன் போட்டுத் தர்றேன், நீங்களே கேளுங்க."

கலைப்பிரியா பதறினாள். "ஐயோ, தாடை எல்லாம் உழலண்ணே! அது எங்க அண்ணியோட கைவேலை. பல்லு மொத்தமும் கொட்டிப் போச்சுன்னுதான் நான் சொன்னேன். முண்டியம்பாக்கத்து அருணாவோட அத்தைக்கு."

அருணாவின் நம்பரை வாங்கி அவளையும் பிடித்தார். அவள் சிரித்துவிட்டாள்.

"பல்லு கொட்டுச்சா? அத்தை இப்பக்கூட வறுத்த மல்லாக்கொட்டை கொறிச்சிக்கினு இருக்காங்க சார். மாத்திரை போட்டுக்கினு இருக்கும்போதே, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஒரு பல்லைப் புடுங்கிக்கினாங்க. அந்தப் புண்ணு ஆற நாளாச்சு. அவ்ளோதான்."

திண்டிவனத்தில் தாடையாக இறங்கியது, முண்டியம்பாக்கத்தில் ஏறும்போது ஒற்றைக் கடைவாய்ப் பல்லாகத்தான் இருந்திருக்கிறது.

அதோடு விடாமல், மஸ்கட்டில் இருக்கும் மகன் பிரவீன்குமாரிடமும் விசாரித்தார். அவன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தை அனுப்பினான். அதுவும் ஒத்துப்போனது: தாடைக் கோளாறு மிக அபூர்வம், பல்லில் வேலை இருந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், சந்தேகமிருந்தால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

"கடைசியில டாக்டரைக் கேளுன்னு சொல்றதுக்கா இம்மாம் நீளம் எழுதி வச்சிருக்கான்?" என்றாள் கிருஷ்ணவேணி.

"அத வுடு வேணி. பல்லு புடுங்கறவங்களுக்குத்தான் வம்பு. நீ தைரியமா போட்டுக்க."

அவள் கை கன்னத்துக்குப் போனது.

"ஏங்க... எனக்கு வர்ற செவ்வாக்கிழமை பல்லு புடுங்கறாங்களே, உங்ககிட்ட சொல்லலியா?"

"டாக்டர் அன்னிக்கே கேட்டிருப்பாரே, பல்லுல ஏதாச்சும் தொந்தரவு இருக்கான்னு?"

"இல்லைன்னுட்டேன்."

"ஏன்டி?"

"கைக்கு மாவுக்கட்டு போடறவருக்கு என் வாயில இன்னாங்க வேலை? ஆமான்னு சொல்லி, அதுக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதிட்டாருன்னா?"

இத்தனை வருஷ சர்வீஸில், சொந்த வீட்டு வாசலிலேயே ஏறிய செய்தியை அவர் கோட்டை விட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கு மாத்திரையா, முதலில் பல்லா? பொன்னியையும் கேட்க முடியாது, மஸ்கட்டையும் கேட்க முடியாது. மருந்துச் சீட்டின் மூலையில் டாக்டர் எழுதிக் கொடுத்த நம்பரை அழுத்திக் காதில் வைத்தார்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

"பல்லு விஷயத்தச் சொல்லிடுங்க. நான் இல்லைன்னு சொன்னத மட்டும் சொல்லிக்கினு இருக்காதீங்க."

"அப்ப 'இல்லை'ன்னு யாரு சொன்னாங்கன்னு சொல்றது?"

அவள் எதிர்வீட்டுப் பொன்னியின் வாசலைப் பார்த்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.