கற்பூரத்தில் அடித்த சத்தியமும் கழற்றிப் பார்க்காத சில்லும்

போன வருஷம் காலபோக நெல் அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். நாங்கள் உருத்திரபுரத்தில் இருக்கிறோம். கொஞ்சம் வயல், அதோடு ஒரு சின்ன வான். காலையில் அயலில் உள்ள ஏழு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போவேன். வானை வாங்கியது கிளிநொச்சி டவுனில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில். திருத்த வேலையும் அங்கேயே, பின்பக்கத்துக் கராஜில்தான்.

பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது என்று வானைக் கொண்டுபோய் விட்டேன். முன் சில்லுகள் இரண்டுக்கும் பிரேக் கட்டை மாற்றியாயிற்று என்று தாளில் சரி போட்டுத் தந்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. போதாததற்கு, பிரேக்கை மிதித்தால் வான் இடப்பக்கம் இழுத்தது. முன்பு அப்படி இழுத்ததில்லை.

அடுத்த நாளே திரும்பிப் போனேன். புதுக் கட்டை, பழகினால் சரிவரும் என்றார்கள். நாலு நாள் பொறுத்து மறுபடி போனேன். அதே பதில். மூன்றாம் முறை என் மனைவியும் கூட வந்தார். அவர்தான் முகாமையாளரிடம் கேட்டார்.

"கழட்டின பழைய சாமான் எங்கை? எங்கடை ஊர்க் கடையிலை சைக்கிளுக்கு ரியூப் மாத்தினாலே பழசைக் கையிலை தருவினம்."

"அது குப்பையிலை போயிருக்கும் அக்கா. தாளைப் பாருங்கோ, ரெண்டு பக்கமும் மாத்தினதெண்டு கிடக்குது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய மேசைக்குப் பின்னால் சுவரில் பிள்ளையார் படம், கீழே தட்டில் கற்பூரம். அவரும் நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். நான் சொன்னேன், "தம்பி, தாளை விடுங்கோ. இந்தக் கற்பூரத்திலை அடிச்சுச் சொல்லுங்கோ. நான் பேசாமல் போயிடுறன்."

என் மனைவி காதோடு முணுமுணுத்தார். "சாமி வந்து வானுக்குக் கீழை படுத்துப் பாக்கவே போறார்? சில்லைக் கழட்டச் சொல்லுங்கோ."

சாமி விஷயத்தில் வாய் காட்டாதே என்று அவரை முறைத்தேன்.

முகாமையாளர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி, "பிள்ளையாரறிய ரெண்டு பக்கமும் மாத்தினது" என்று உள்ளங்கையால் நெருப்பில் அடித்து அணைத்தார். எனக்கு அது போதும். எங்கள் ஆட்கள் எதிலும் பொய் சொல்வார்கள், கற்பூரத்தில் அடித்துச் சொல்ல மாட்டார்கள் என்று நம்பித்தான் நான் வளர்ந்தவன். சந்தேகப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை. வாய்க்கால் ஓரத்து ரோட்டில் போகிறேன். அறுவடைக் காலத்தில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயப்போடுவார்கள். வழியை அடைக்கிறார்களே என்று ஒவ்வொரு நாளும் அவர்களை மனதுக்குள் திட்டுவேன். அன்றைக்கு இன்னும் பரப்பவில்லை, வலப்பக்கத்தில் குவியலாகக் கிடந்தது. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தேன். வான் இடப்பக்கம் வாய்க்காலை நோக்கி இழுத்தது. பிறகு பிரேக் மிதி அடிமட்டம் வரைக்கும் சும்மா போய்விட்டது.

வாய்க்காலில் கரைமுட்டத் தண்ணீர். முழுப் பலத்தோடு வலப்பக்கம் திருப்பினேன். வான் நெற்குவியலுக்குள் ஏறிப் புதைந்து நின்றது.

பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. எதற்கெடுத்தாலும் "பிள்ளையாரே" என்கிற என் வாயில் அந்தச் சொல்கூட வரவில்லை.

நெல்லுக்குச் சொந்தக்காரி, மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியவர், ஓடி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நெல்லு கெடக்கட்டுங்க ஐயா. பிள்ளைகள எண்ணுங்க."

எண்ணினேன். ஐந்துக்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை. அவரே ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணி, "ஏழு. சரிதானே?" என்றார்.

பக்கத்தில் உழவு இயந்திரம் திருத்துகிறவர் வந்து முன் சில்லுகளைக் கழற்றினார். இடப்பக்கம் புதுக் கட்டை. வலப்பக்கம் பழையதே இருந்தது. தேய்ந்து இரும்போடு இரும்பு உரசி, பிரேக் ஒயிலும் ஒழுகிப் போயிருந்தது. அந்தக் கட்டையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நானும் மனைவியும் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். சாமியிடமே பொய் சொன்னவன் என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லவேண்டும் என வழிநெடுக மனதுக்குள் கதைத்துப் பார்த்தேன்.

மேசையில் வைத்தோம். முகாமையாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கத்துக் கட்டை?"

"வலப்பக்கம். நீங்கள் கற்பூரத்திலை அடிச்ச பக்கம்," என்றார் என் மனைவி.

"வானுக்குள்ளை ஆர் இருந்தது?"

"ஏழு பிள்ளையள்."

அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது. கதிரையை விட்டு நழுவி அப்படியே தரையில் இருந்துவிட்டார். "அண்ணை, நான் குனிஞ்சு பாக்கேல்லை. தாளைப் பாத்துத்தான் அடிச்சனான். எனக்குத் தெரியாது அண்ணை."

வேலை செய்தவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்கு ஒரு பக்கத்துக்கான கட்டைதான் கையிருப்பில் இருந்ததாம். மற்றதை நாளைக்குப் போடலாம் என்று இரண்டுக்கும் சரி போட்டவர், அதோடு மறந்துபோனார். அவ்வளவுதான் நடந்தது.

நான் கட்டிக்கொண்டு போன பேச்சு ஒன்றும் வெளியே வரவில்லை. முகாமையாளர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததை நம்பி அடித்தார். அப்படியானால் பிள்ளைகளை அந்த வானில் ஏற்றியது யார்? நான்தான். மூன்று காலையும் பிரேக் என் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. என் காதை நம்பாமல் இன்னொருவருடைய உள்ளங்கையை நம்பினேன்.

வானைக் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போய் வேலையை அவர்கள் திரும்பச் செய்தார்கள். முகாமையாளர் தன் வெள்ளைச் சேட்டோடு வானுக்குக் கீழே படுத்து ஒவ்வொரு சில்லாகப் பார்த்த பிறகுதான் வான் திறப்பை என் கையில் தந்தார். சிதறிய நெல்லை நாங்கள் இருவரும் அள்ளி, கல் பொறுக்கிக் கொடுத்தோம்.

தேய்ந்த அந்தக் கட்டை இப்போது எங்கள் வீட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் முதலில் வானுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். நான் பார்க்கவேண்டியதை அவர் தலையில் போட்டுவிட்டு வந்த அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.