ஓரகத்தியின் லேப்டாப்பில் முதலில் ஓடியது

அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்று முதலில் நினைத்தவள் நான்தான். விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்த அன்று ஓரகத்தி, என் கொழுந்தனார் மனைவி, அதை எடுத்துப் புரட்டினாள். “அக்கா, நானும் சேர்ந்துக்கவா?” என்றாள். “துணைக்கு ஆச்சு, சேர்ந்தே போயிட்டு வாங்க” என்று மாமியார் முடித்துவிட்டார். அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

நாங்கள் இருப்பது கீழ்வேளூருக்குப் பக்கத்து ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவாரூரில் வகுப்பு. சி மொழியில் நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டர் நேராகப் புரிந்துகொள்ளாது, கம்பைலர் என்ற ஒன்றுதான் அதை மாற்றித் தரும் என்று வாத்தியார் விளக்கினார். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அடுத்த வகுப்புக்குள் திரையில் ஆங்கில எழுத்தில் ‘வணக்கம்’ வரவழைத்துப் பாருங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸிலேயே அவள் போனில் அதைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் லேப்டாப் புதிது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. என்னுடையது, என் தம்பி வேறு வாங்கிக்கொண்டதும் எனக்குத் தள்ளிவிட்டது. ஆன் செய்துவிட்டுப் போய் உலை வைத்துவிட்டு வரலாம்.

மறுநாள் எங்கள் வயலில் நடவு. ஆட்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குள் நுழையும்போதே மாடியிலிருந்து குரல் வந்தது. “அக்கா, வந்துடுச்சு.” போய்ப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ‘வணக்கம்’ இருந்தது. மாமியார் பக்கத்தில் நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே சிரித்துக்கொண்டிருந்தார். “சின்னவளுக்குக் கைராசி” என்றார். நான் பி.எஸ்ஸி. கணக்கு. அவள் படித்தது காமர்ஸ்.

“ஒங்களுக்கும் போட்டுத் தரவாக்கா? சின்ன வேலைதான்.”

சின்ன வேலை என்றது சுருக்கென்று தைத்தது. “வேணாம்மா, நானே பாத்துக்கறேன்” என்றேன்.

இறக்கிய ஃபைலை சி டிரைவில் பிரித்துப் போட்டேன். கம்பைலர் இருக்கும் ஃபோல்டரின் முகவரியை விண்டோஸ் செட்டிங்கில் ‘பாத்’ என்ற இடத்தில் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். சேர்த்தேன். முதலிலேயே திறந்து வைத்திருந்த, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் கம்பைலர் பெயரை அடித்தேன். அப்படி ஒன்றைத் தெரியாது என்றது. முகவரியில் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினேன். தெரியாது என்றே சொன்னது.

பக்கத்து அறையில் அவள் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு எண்களைக் கூட்டுகிற இடத்துக்குப் போய்விட்டாள். அவள் வளையல் கீபோர்டில் படும் ஓசைகூட எனக்கு ஆகவில்லை. அன்று சாயங்காலம் கொழுந்தனாரோடு வீடியோவில் பேசும்போது, “எனக்கு ஓடிடுச்சுங்க. அக்காவோட லேப்டாப்தான் பழசு, பாவம்” என்றாள். குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்த நான் அடுப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

மறுநாள் காலையிலும் அதே கதைதான். மத்தியானம் கரண்ட் போனது. பேட்டரி செத்த என் லேப்டாப் அப்படியே அணைந்தது. கரண்ட் வந்த பிறகு, கோபத்தோடு கறுப்புத் திரையைத் திறந்து மறுபடி பெயரை அடித்தேன். இந்த முறை, எந்த ஃபைலும் கொடுக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டது. அப்படியென்றால் கம்பைலர் வந்துவிட்டது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முகவரியைச் சேர்ப்பதற்கு முன்பே திறந்து வைத்த திரைக்குப் புது முகவரி தெரியாதாம். மூடிவிட்டுத் திறக்க வேண்டுமாம். நானோ, திறக்க நேரமாகிறதே என்று அந்தத் திரையை மூடவே இல்லை. லேப்டாப்பையும் அணைக்காமல் மூடி மூடி வைத்திருந்தேன்.

நான் எழுதி வைத்திருந்த புரோகிராமில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதையும் போட்டேன். ‘வணக்கம்’ வந்தது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன்.

வயலிலிருந்து வந்த கணவர் எட்டிப் பார்த்தார். “இதுக்கா நேத்துலேர்ந்து மூஞ்சிய தூக்கி வச்சிருந்தே?”

இதற்கில்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

எனக்கும் ஓடிவிட்டது என்று ஓரகத்தியிடம் போய்ச் சொன்னேன். “அப்பாடா. நீங்க கஷ்டப்பட்டது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வகுப்பில் யார் யாருக்கு ஓடியது என்று வாத்தியார் கேட்டார். “நாங்க ரெண்டு பேருமே போட்டுட்டோம் சார்” என்று அவள் எனக்கும் சேர்த்துக் கையைத் தூக்கினாள். யாருக்கு முதலில் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கேட்காமலே பாடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஊறப்போட்ட உளுந்தை அரைக்கப் போனாள். கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் நான் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த பாடத்தைத் திறந்தேன்.