யாத்விகா கேட்க மறுத்த முடிவு

கூடையை அப்படியே செய்தித்தாள் மேல் கவிழ்க்கிறாள் யாத்விகா. கொண்டுவந்தவர் "மெதுவா, மெதுவா" என்று பதறினால் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு காளானையும் முதலில் விரலால் தொட்டு, எங்கே இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பிறகுதான் எடுக்கிறாள். தொப்பியைத் திருப்பி, தண்டைக் கிள்ளி, மூக்கருகே கொண்டுபோகிறாள். நல்லது வலப்பக்கம், கெட்டது காலடி வாளிக்குள். சந்தேகம் என்றாலும் வாளிதான்.

செப்டம்பர் பிறந்தால், போலந்தில் இருக்கும் எங்கள் தார்னூவ் ஊரே காளான் பறிக்கக் காட்டுக்குள் போய்விடும். பறித்ததைச் சமைப்பதற்கு முன் சுகாதார அலுவலகத்தில் இலவசமாகக் காட்டிக்கொள்ளலாம். காட்ட வேண்டிய மேசை யாத்விகாவுடையது. எதிர்மேசையில், சோதனைக்கு வந்த கிணற்றுத் தண்ணீர்ப் புட்டிகளோடு உட்கார்ந்திருப்பவள் நான், இர்மீனா. அவள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது.

கத்தியால் நறுக்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆளைக் கொல்லும் பச்சைத்தொப்பிக் காளானுக்கு அடியில், மண்ணுக்குள், கிண்ணம் போல வெள்ளை உறை ஒன்று இருக்கும். அதைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் எதை வைத்துச் சொல்வது?

"அடி எங்கய்யா?"

"காடு சுத்தமா இருக்கட்டும்னு வெட்டிட்டேன்மா" என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்.

"காடு சுத்தமா இருக்கும். உங்க வீடு காலியா இருக்கும். பரவாயில்லையா?"

இப்படிப்பட்டவளுடைய இடது கண்ணுக்குள் போன குளிர்காலத்தில் புற்றுக்கட்டி இருப்பது தெரிந்தது. கிராக்கோ நகர ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுத் தகடு ஒன்றைக் கண்மேல் தைத்து, சில நாள் வைத்திருந்து எடுத்தார்கள். கட்டி சுருங்கியது. அந்தக் கண்ணின் பார்வையும் போயிற்று. தகடு தைத்தபோதே கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். சம்மதம் சொன்னவள் அவள்தான். கட்டியில் மூன்றாம் குரோமோசோம் ஜோடியாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒன்று தொலைந்திருந்தால், சில வருடங்களில் நோய் ஈரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். முடிவு ஈஸ்டருக்கு முன்பே வந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொல்லியிருந்தார். யாத்விகா கேட்கவே இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரார் கூடையை எல்லாம் கொட்டிப் பார்க்கிறவள் தன் கூடைக்கு மட்டும் மூடி போட்டுவிட்டாளே.

"அப்ப எதுக்குடி சரின்னு சொன்ன?"

"அன்னிக்குத் தெரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சு. தெரியாம இருக்கறதுதான் நரகம்னு நெனச்சேன். இப்ப அந்த நரகத்துலயே குடியேறிட்டேன்."

"நல்லதா இருந்தா?"

"இருந்தா சந்தோஷம். இல்லேன்னா? அவங்க கையில என்ன இருக்கு? ஈரலை ஸ்கேன் எடுப்பாங்க. இப்பவும் அதைத்தானே எடுக்கறாங்க."

அந்த ஸ்கேனுக்கு முந்தைய வாரம் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு மேசையைத் திட்டுவாள். கணவன் ஜெனோன், பஸ் டிரைவர், வாயில்லாத பூச்சி. டாக்டரை எனக்காவது சொல்லச் சொல்லேன் என்று அவளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். "அவன் இப்பவே ரொம்ப நல்லவனாயிட்டான், இர்மீனா. பாத்திரம் கழுவறான். தெரிஞ்சா இன்னும் என்னென்ன பண்ணுவானோ, என்னால தாங்க முடியாது" என்பாள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் பயம் எனக்கும்தான். அவள் இல்லாத இந்த அறையை நினைத்துப் பார்க்கவே மாட்டேன்.

சென்ற வியாழனன்று ஓர் இளம் ஜோடி வந்தது. முந்தாநாள் இரவு காளான் வறுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நேற்று முழுக்க அந்தப் பெண்ணுக்கு வாந்தி. இன்று தேவலை. மாமியார் பிடுங்கல் தாங்காமல், குப்பையிலிருந்து பொறுக்கிய தோலையும் துண்டுகளையும் ஜாடியில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள்.

யாத்விகா ஒரு துண்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பச்சைத் தோல், அடியில் வெள்ளை மடிப்புகள். அப்போதே ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்டாள்.

"எதுக்கும்மா கலாட்டா? எனக்கு இப்ப நல்லாத்தானே இருக்கு" என்றாள் அந்தப் பெண். "நீங்க எதுவும் சொல்லாதீங்க. நாங்க வீட்டுக்குப் போறோம்."

"இந்த விஷம் நடுவுல இப்படித்தான் விட்டுப் பிடிக்கும். உட்காரும்மா."

"வேணாம். எனக்குத் தெரிய வேணாம்."

"தெரிய வேணாம்னா ஈரல் சும்மா விட்டுடுமா?"

அதட்டிவிட்டாள். சொன்னது தனக்கும்தான் என்று உறைத்ததுபோல, அதட்டிய வாய் திறந்தபடியே நின்றது. அந்தப் பெண் அழுதுகொண்டே உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை யாத்விகா வாசலில் நின்றாள். திரும்பி வந்தவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அவளுக்குச் சொன்னா வைத்தியம் இருக்கு" என்றாள் என்னைப் பார்க்காமல். "என் கதை வேற."

"வேறதான்" என்றேன். அன்றைக்கு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

"நீயாவது சண்டை போடுவேன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து, கைப்பேசியை எடுத்து கிராக்கோவுக்குப் பேசினாள். டாக்டரம்மா லைனில் வந்ததும் முதுகு நிமிர்ந்தது. "நான்தான். ஆமா, கேட்டுக்கறேன். ஆமா, யோசிச்சுத்தான்." அவர் முடிவைச் சொல்லத் தொடங்குமுன்பே முகம் வெளிறிப்போயிற்று. "டாக்டர், என் ஃபிரண்டு பக்கத்துல இருக்கா. அவகிட்ட சொல்லுங்க. எனக்குச் சம்மதம்தான், சொல்லுங்க" என்று கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டாள்.

நான் மறுக்க வாயெடுப்பதற்குள் மறுமுனையில் பேச்சு தொடங்கிவிட்டது. யாத்விகா நாற்காலியை இழுத்துத் திருப்பி, என் முகம் தெரியாதபடி, பார்வையில்லாத கண் என் பக்கம் வர உட்கார்ந்துகொண்டாள். கை மட்டும் மேசைமேல் தடவிக்கொண்டே வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.