கரிக்கலாம்பாக்கத்தில் தனியாக நின்ற வாசக்கால்

காலை ஏழரைக்குப் புதுச்சேரியில் பஸ் ஏறினேன். பையில் மஞ்சள், குங்குமம், அளவு நாடா. கரிக்கலாம்பாக்கத்தில் அம்மா வாழ்ந்த வீட்டைப் பிரிக்கிறார்கள். மரமெல்லாம் பழைய மரக்கடைக்குப் போகிறது. வாசக்காலையாவது வாங்கிவிட வேண்டும். தம்பி சேகர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அங்கே பக்கத்து வீட்டுக்காரி போன் செய்துதான் தெரியும்.

வில்லியனூர் தாண்டியதும் நெல்வயல், மனைக் கற்கள், மறுபடி நெல்வயல்.

“பிளாட் பாக்கப் போறீங்களா?” என்றார் கண்டக்டர்.

“இல்லப்பா, எங்க வூடு.”

எட்டரைக்குப் போய் நின்றால் வீடே இல்லை. ஓடுகள் ஒரு பக்கம், கூரை தாங்கிய பனை வாரைகள் ஒரு பக்கம். மழை நாளில் நாங்கள் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்ற தேக்குத் தூண்கள் லாரி ஓரம் கிடந்தன. சுவரெல்லாம் தரைமட்டம். வாசக்கால் மட்டும், கதவுகூட இல்லாமல், வெட்டவெளியில் நின்றது. வைரம் பாய்ந்த வேம்பு. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் பூசிய மஞ்சள் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. குள்ள வாசல், குனியாமல் நுழைந்தவர் நெற்றி வீங்காமல் போனதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வாசக்கால எனக்குக் குடுடா” என்றேன், கூடத்துத் தரையில் நின்ற சேகரிடம்.

“மொத்தமா பேசி முடிச்சாச்சிக்கா. மூணாவது மாடில இத எங்க வெப்ப? படியிலயே திரும்பாது.”

“அத நான் பாத்துக்கறேன். விக்கறதுக்கு நீ யார்ரா?”

“ஒழுகுற கூரைக்குக் கீழ படுத்தவன் நானு. நீ பொங்கலுக்கு வந்து போட்டோ புடிச்சிக்கினு போனவ.”

சுருக்கென்றது. பொய்யும் இல்லையே.

சேகர் விடுவிடுவென்று லாரியைப் பார்த்து நடந்தான். சுவரே இல்லை, எந்தப் பக்கமும் போகலாம். அவனோ நேராக வாசக்காலுக்கு வந்து, தலையைக் குனிந்து, அதன் வழியாகவே வெளியே போனான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது.

“டேய், செவுரே இல்லடா! இன்னாத்துக்குக் குனியற?”

திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றான். சிரிக்கத்தான் போனான், உதடு கோணிக்கொண்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு மரக்கடைக்காரரிடம் போனான்.

“அண்ணே, இத மட்டும் வுட்டுட்டுப் போங்க. புதுசா கட்ற வூட்டுக்கு இதான் வாசக்கால்.”

“பிளான்ல வாசல் ஏழடின்னு சொன்னியேப்பா?”

“பிளான் கெடக்குது. மேல செவுர எறக்கிக்கலாம்.”

வாசக்காலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சேகர் பஸ் ஏற்றிவிட வந்தான்.

மத்தியானம் மூன்றாவது மாடி ஏறினேன். எங்கள் வீட்டு வாசலில் ஒட்டகமே நிமிர்ந்து நுழையலாம். கதவைத் தள்ளி, குனிந்து உள்ளே போனேன்.

“இன்னா வுழுந்துது?” என்றார் என் வீட்டுக்காரர், தரையைப் பார்த்தபடி.