சத்தம் முன்னாலா, பின்னாலா

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு நான் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை ஜீப்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பாதங்கள். பின் அச்சுக்கு அடியில் இரண்டு உரல்களைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பின் சக்கரங்கள் தரையைத் தொடாமல் நின்றன. அப்பா ஸ்டியரிங்கில் இருந்தார். கிணற்றடியில் சித்தப்பாவின் சட்டை பையோடு கிழிந்து கிடந்தது. மதியமே ஒரு சுற்று அடிதடி முடிந்துவிட்டதாக அம்மா சொன்னார்.

எழுபதுகளின் தொடக்கம். அமராவதிபுதூரில் எங்களுக்கு வயலும், பட்டாளத்திலிருந்து ஏலத்தில் வந்த அந்த ஜீப்பும் இருந்தன. நான் மதுரையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன், லீவில் வந்திருந்தேன். சித்தப்பாவுக்குத் தனியார் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சேர வேண்டும். அதுவரை அண்ணனுக்குச் சம்பளமில்லாமல் ஜீப் ஓட்டியவர். வண்டியைக் கெடுத்துவிட்டுப் போகிறான் என்று அப்பா கடைத்தெருவில் சொன்னது பஸ் முதலாளியின் காதுக்குப் போயிருந்தது. கியர் போட்டால் அடியில் எழும் ‘டக்’ எங்கிருந்து வருகிறது என்று, வேலை கைநழுவிப் போவதற்குள் சித்தப்பா காட்டியாக வேண்டும்.

“கம்மாய்க்குள்ள முயல் விரட்டுனது யாரு? முன்பக்கத்த ஒடச்சுப்புட்டு ஒண்ணுந் தெரியாதவன் மாதிரி படுத்துக் கெடக்கான்.”

“ஜீப்புல பதினஞ்சு மூட்டை நெல்லு ஏத்துனது யாருண்ணே? பின் சக்கரத்தச் சுத்துற ஷாப்டு ஆடுது. குனிஞ்சு தொட்டுப் பாருங்க. வயிறு இடிக்குதோ?”

“பஸ் ஓட்டப் போற தொரை சொல்றாரு, கேட்டுக்கங்க.”

“முன் சக்கரத்துக்கு ரெண்டு கல்லு வைக்கச் சொல்லுங்கண்ணே.”

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பாத்துத் தொலைடா” என்று அப்பா கல்லுக்குக் காத்திராமல் என்ஜினைக் கிளப்பி கியர் போட்டார். பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுழன்றன. சத்தம் கேட்டது. பின்னாலிருந்துதான், நின்றிருந்த எனக்கே தெரிந்தது.

“கேக்குதா? கேக்குதாண்ணே? போதும், ஆஃப் பண்ணுங்க!”

சித்தப்பா வலது கையை வண்டிக்கு வெளியே, பின் சக்கரத்துக்கு முன்னால் நீட்டி ஆட்டினார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “முன்பக்கமும் ஓடட்டும், அப்பத் தெரியும்” என்று கிளட்சை மிதித்து, முன் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் குட்டைக் கம்பியைத் தள்ளினார். கிளட்சை விட்டார்.

தரையில் நின்ற முன் சக்கரங்கள் மண்ணைப் பிடித்தன. ஜீப் உரல்களை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. சுழன்றபடியே இறங்கிய பின் சக்கரம் அந்தக் கையின் மேல் ஏறியது. வண்டி மாட்டுக்கொட்டகைச் சுவரை இடித்து அணைந்தது.

நானும் அம்மாவும் ஓடினோம். சித்தப்பா தானே எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குக் கீழே கை இரண்டாக மடிந்து, எலும்பு வெளியே தெரிந்தது. மணிக்கட்டில் டயரின் பள்ளங்கள் பதிந்திருந்தன. அவர் கத்தவில்லை. கத்தியது அப்பா. இறங்கி வந்தவர், “கைய எதுக்குடா நீட்டுன, நாயே?” என்று சித்தப்பாவின் விலாவில் மிதித்தார்.

சித்தப்பா இடது கையால் ஸ்பேனரை எடுத்து அப்பாவின் வாயில் அடித்தார். பல் உடைந்தது. மறுபடி ஓங்கினார். நான் இடையில் விழுந்து பிடித்தேன். என் தோளில் பட்டது. அப்பா வாயிலிருந்து ரத்தம் வழிய, கையில் அகப்பட்ட செங்கல்லைத் தூக்கினார்.

“அவுக கையப் பாருங்க! தம்பியக் கொன்னுபுட்டீகளே!” என்று அம்மா அந்தச் செங்கல்லில் தொங்கினார்.

பக்கத்து வீட்டுக் காரில் சித்தப்பாவைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

புதன்கிழமை மெக்கானிக் ஜீப்பைப் பிரித்தார். பின் ஷாப்டின் இணைப்பு பொடிப்பொடியாகியிருந்தது. முன்பக்கம் ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சித்தப்பா ஓட்ட வேண்டிய பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். ஜீப் பட்டறையில் இருந்ததால் அப்பா அந்த பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.