நல்லாயிருந்த பிள்ளைக்கு ஒயர் ஒட்டினார்கள்

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வராந்தாவில் நான் போட்ட சத்தம், கீழே மருந்துக்கடை வரை கேட்டதாகச் சொன்னார்கள். கேட்கட்டும். என் பேரன் பிறந்து இரண்டு நாள். நல்ல எடை, வார்டையே எழுப்புகிற அழுகை. அவன் நெஞ்சில் ஒயர் ஒட்ட வந்தார்கள்.

"நல்லாயிருக்கிற புள்ளைக்கு எதுக்கும்மா இது? பில்லு ஏத்தவா?"

"இங்க பொறக்கிற எல்லாக் கொழந்தைக்கும் எடுக்கிறோம், ஐயா. காசு கெடையாது," என்றார் டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும்.

எடுத்தது ஈசிஜி (இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தாளில் கோடாகக் காட்டுவது). நான் மூணாங்கிளாசோடு நின்றவன். மீன் கூடை சுமந்து, இன்று எங்கள் கடற்கரை ஊரான கனகசெட்டிக்குளத்தில் நாலு மீன்பிடி போட்டும் ஐஸ் கம்பெனியும் வைத்திருக்கிறேன். யார் படிப்பையும் நம்பி நான் மேலே வரவில்லை. பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தேன். சீராகத்தான் அடித்தது.

"வூட்டுக்குப் போலாம், கெளம்பு," என்றேன் மகள் பவித்ராவிடம்.

"நீ போப்பா. நான் ரிப்போர்ட்டு வாங்கிட்டுத்தான் வருவேன். ஒன் காதுல என்ன மிஷினா வச்சிருக்க?"

தலைப்பிரசவத்துக்கு நான் அழைத்து வந்த பெண். எல்லார் முன்னாலும் சொன்னாள்.

ரிப்போர்ட்டில் க்யூடி நீட்சி என்று இருந்தது (ஒரு துடிப்பு முடிந்து, இதயம் அடுத்ததற்குத் தயாராகும் நேரம் நீண்டுபோவது). வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் திடீரென்று துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம், தினமும் மருந்து வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் அவரைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினேன். முடிகிற வரை பொறுத்திருந்து கேட்டார்.

"ஒங்க குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு செத்துருக்காங்களா? ஓடும்போது, நீச்சலடிக்கும்போது?"

ஒருத்தன் இருந்தான்.

என் தம்பி தேசிங்கு. நீச்சலில் அவனை ஜெயிக்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. வாலிப வயசில், அலையே இல்லாத ஒரு காலையில், கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போனான். குடித்துவிட்டு இறங்கினான் என்றது ஊர். அவன் குடியைத் தொடவே மாட்டான் என்று நான் அடித்துச் சொல்லியும் எவனும் கேட்கவில்லை.

எனக்கும் பவித்ராவுக்கும் ஒயர் ஒட்டினார்கள். இரண்டு பேருக்கும் அதே நீட்சி.

"ஒங்க தம்பிக்கும் இதுதான்னு உறுதியாச் சொல்ல முடியாது, ஐயா. இருந்திருக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது போதும். அன்று சாயங்காலமே மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று, தேசிங்கைக் குடிகாரன் என்றவர்களைப் பேர் சொல்லித் திட்டினேன்.

"பழைய பொணத்த இப்ப எதுக்குடா தோண்டுற?" என்றான் ஒரு கிழவன்.

"பொணமாடா அது? எங்க ரத்தம்டா. என் பேரன் ஒடம்புல ஓடுது!"

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி வந்தால், தாராளமாகச் சத்தம் போடுங்கள். ஒயரை மட்டும் பிடுங்காதீர்கள். மருந்தை ஒருவேளைகூட விடாதீர்கள்.

பேரன் இப்போது தவழ்கிறான். தனியாக நீச்சலுக்கு விடவே கூடாதாம். வாசலைத் தாண்டினால் கடல். அந்தக் கடலை இப்போது நான் எதிரியைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறேன்.

இந்த நெஞ்சைத் தட்டித்தான் இத்தனை வருஷம் ஊரோடு மல்லுக்கு நின்றேன். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு காலியிடம் இருப்பது இப்போது தெரிந்துவிட்டது. சண்டையில் என் நெஞ்சைத் தட்டக் கையை ஓங்கினாலும், மெல்ல வைக்கத்தான் முடிகிறது.